புயலுக்கு மறுநாள் போட்ட வேலி

போன கிழமை பேப்பரில் என்னுடைய இந்தப் பக்கம் வரவில்லை. உங்களில் சிலராவது அதைக் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒருவர் கவனித்திருக்கிறார். உரும்பிராயிலிருந்து சைக்கிள் மிதித்து வீடு தேடி வந்தார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆள் சுகமாத்தானே இருக்கிறியள். அப்ப பேப்பர்க்காரர் உங்களை நிப்பாட்டிப்போட்டினமோ?" என்று கேட்டார். கேட்டபோது அவர் முகத்தில் இருந்தது கவலையா, சந்தோஷமா? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இல்லை ஐயா, பேப்பர்க்காரர் நிற்பாட்டவில்லை. காற்று நிற்பாட்டியது.

அச்சு மெசினுக்கு மின்சாரம் இல்லை. காகிதம் ஏற்றிவர ரயில் இல்லை. எங்கேயோ தண்டவாளத்தை வெள்ளம் அரித்துவிட்டதாம். ரெலிபோனும் இல்லை. எல்லாம் இருந்திருந்தாலும், எழுதியதைக் கொடுத்தனுப்ப எங்கள் ஒழுங்கையால், அந்த ஒடுங்கிய தெருவால், வெளியே போக வழி இல்லை. கிழமைக்கு ஒருமுறை நான் ஒரு பக்கத்தில் புறுபுறுப்பதற்கு இத்தனை பேருடைய தயவு வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ரேடியோ சொன்னதே, கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டேன். 'பலத்த காற்று வீசக்கூடும்' என்று அது ஒவ்வொரு கார்த்திகையும்தான் சொல்கிறது. நானும் ஒவ்வொரு கார்த்திகையும் நம்பாமல் போய்ப் படுக்கிறேன். இந்த முறை மட்டும் அது சொன்னபடி நடந்துவிட்டது. நடந்த பிறகும் எனக்கு ரேடியோவில் நம்பிக்கை வரவில்லை.

ஓடு பறந்த கதையை எழுதமாட்டேன். உங்கள் வீட்டிலும் பறந்திருக்கும். விடிந்த பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை கொஞ்சம் பெருமை பிடித்த ஒழுங்கை. அக்கம்பக்கத்தில் முதல் முதல் லைற் வந்தது எங்களுக்குத்தான். கிணற்றுக்குக் கிணறு மோட்டர். சுவிச்சைத் தட்டினால் தொட்டி நிறையும். மோட்டர் பூட்டிய சந்தோஷத்தில் கப்பியைக் கழற்றி எறிந்துவிட்டோம். கயிற்றை மாடு கட்டக் கொடுத்துவிட்டோம். அன்று காலை கிணறு நிறையத் தண்ணீர்... அள்ளக் கயிறு இல்லை. என் மனைவி உடுப்புக் காயவிடும் கொடியை அவிழ்த்து வாளியில் கட்டினாள். பக்கத்து வீட்டில் பழைய சேலையைக் கட்டி அள்ளினார்கள்.

கடையில் பாண் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. ட்ரான்சிஸ்டருக்குப் பற்றரி முடியப்போகிறது என்று, மரண அறிவித்தல் நேரத்துக்கு மட்டும் அதைத் திறந்தோம்.

யோசித்துப் பாருங்கள். சுன்னாகத்து மின்நிலையத்தில் ஒரு மெசின் நின்றால் கொக்குவிலில் எனக்குத் தேத்தண்ணீர் இல்லை. அந்த மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்? எனக்கு அவரைத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையில் என் கிணற்றைக் கொடுத்துவிட்டு இத்தனை வருஷமும் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன்!

உடனே, 'முந்தி எல்லாம் எப்படி இருந்தது தெரியுமா' என்று தொடங்கப்போகிறேன் என்று பயப்படாதீர்கள். முந்தியும் காற்று அடித்தது, முந்தியும் சனம் செத்தது. லைற்றும் மோட்டரும் நல்ல சாமான்கள்தான். என் சந்தேகம் அவற்றின் மேல் இல்லை. சந்தேகம் யார் மேல் என்று போகப் போகச் சொல்கிறேன்.

அன்று காலை படலையைத் திறந்து ஒழுங்கையைப் பார்த்தேன். படலை மட்டும்தான் நின்றது. வேலி இல்லை!

ஒழுங்கையின் வாயிலே, பெரிய ரோட்டில் ஏறுகிற இடத்தில், நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கல்மதில். மதிலுக்கு மதில் மரம் அடைத்துக்கொண்டு கிடந்தது. விழும்போது லைற் போஸ்ற்றையும் கூட இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. கொப்புக்குக் கொப்பு மின்சாரக் கம்பி. கம்பியில் கரண்ட் இருக்கிறதா இல்லையா? ஒருவருக்கும் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சொல்லவும் ஒருவரும் தயாரில்லை. இப்போது இல்லாவிட்டாலும் வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டால்? ஒழுங்கையின் பின்பக்கம் வயல். வயலில் நெஞ்சளவு வெள்ளம்.

ஆனால் உள்ளே பார்த்தால்... என்ன வடிவு! கிடுகு வேலி, பனையோலை வேலி, முள்ளுக்கம்பி வேலி — எல்லாம் படுத்துவிட்டன. ஒழுங்கை முழுக்க ஒரே வீட்டு வளவு மாதிரி. நான் இந்த ஒழுங்கைக்குக் குடிவந்த நாள் தொட்டுப் பார்த்திராத அடுப்படிகளை எல்லாம் பார்த்தேன். இன்னார் வீட்டில் இத்தனை வாழை நிற்கிறதா என்று ஆச்சரியப்பட்டேன். அவர்களும் என்னுடைய கோழிக்கூட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

சரி. வேரோடு விழுந்த மரம் வழியை அடைத்துக் கிடக்கிறது. தண்ணீர் அள்ள முடியவில்லை. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. எங்கள் ஒழுங்கை ஆண்பிள்ளைகள் முதலில் எதைச் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அலவாங்கை எடுத்துக்கொண்டு வேலி போடப் போனார்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்தவர் என்றால் சிரிக்கமாட்டீர்கள். வேலி விழுந்து கிடக்கிற நேரத்தில் பக்கத்து வளவுக்காரன் வேலிக்காலான கதியாலை ஒரு விரற்கடை தள்ளி நட்டுவிட்டால்? நட்ட கதியால் தளிர்த்துவிட்டால்? அதற்குப் பிறகு கோட்டில் வழக்கு, வாதாட அப்புக்காத்து, தவணை... ஆகையால் கூரை நாளைக்கு, வேலி இன்றைக்கு. எல்லாரும் ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பழைய குழியைத் தடவித் தடவி, அதே குழிக்குள் கதியாலை இறக்கினார்கள். நானுந்தான். மத்தியானத்துக்கு முதல் ஒழுங்கை பழையபடி ஒழுங்கையாகிவிட்டது. காற்று கலைத்ததை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டோம் — புளியமரத்தைத் தவிர.

இப்போது இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

ஒழுங்கையின் கடைசி வீடு நல்லதம்பி மாஸ்டருடையது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வளவுக்கு அந்தப் பக்கம் வைத்திலிங்கத்தாருடைய வளவு. மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு வந்த பென்சன்காரர். வைத்திலிங்கத்தாருடைய வாசல் ஸ்ரேஷன் ரோட்டில். அதாவது, மாஸ்டர் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து வைத்திலிங்கத்தாருடைய வளவுக்குள்ளால் குறுக்கே போனால் ஸ்ரேஷன் ரோட்டில் ஏறிவிடலாம்.

போகலாமா, போகக்கூடாதா? அதுதான் வழக்கு. மாஸ்டரின் தகப்பன் காலத்திலிருந்தே அந்த வழியால் போய்வந்தோம், அது எங்கள் உரிமை, எங்கள் உரித்து என்று மாஸ்டர் சொல்கிறார். போனது உண்மை, ஆனால் என் தகப்பன் பெரிய மனதோடு விட்டபடியால் போனீர்கள் என்று வைத்திலிங்கத்தார் சொல்கிறார். வழக்கு எத்தனை நீதவான்களைப் பார்த்துவிட்டது என்று எனக்கு நினைவில்லை.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஒழுங்கையில் எல்லாருக்கும் அது மனப்பாடம். ஒருவரையும் கேளாமல், என்னுடைய வழி என்று நினைத்துக்கொண்டு நீண்டகாலம் போய்வந்தால் வழி உங்களுடையதாகலாம். ஒருமுறை காணிக்காரனிடம் 'போகட்டுமா' என்று கேட்டுவிட்டுப் போனால்... தொலைந்தது. கேட்டவனுக்கு உரித்து இல்லை. ஆகையால் மாஸ்டருக்கு அவருடைய அப்புக்காத்து சொன்ன புத்தி: எக்காரணம் கொண்டும் கேட்கவேண்டாம். வைத்திலிங்கத்தாருக்கு அவருடைய அப்புக்காத்து சொன்ன புத்தி: கேட்டால் தாராளமாக விடுங்கள், கேளாமல் மட்டும் ஒரு பூனையைக்கூட விடவேண்டாம்.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, மாஸ்டர் தன் வீட்டுக் காணியை ஒரே மகள் ரஞ்சிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். காணி உறுதிப் பத்திரத்திலே 'வழிவாய்க்கால் உரித்துடன்' என்று ஒரு சொல்லையும் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சொல்லை நம்பித்தான் சம்மதித்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கந்தோர் வேலை.

ரஞ்சி அப்போது நிறைமாதம். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. இந்த முறை வீடு வேண்டாம், நோவு கண்டவுடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாஸ்டரும் எல்லா ஆயத்தமும் செய்துதான் வைத்திருந்தார். கூட்டுறவுக் கடையில் ரெலிபோன் இருக்கிறது. சந்தியில் வாடகைக் கார் நிற்கிறது. கொழும்பிலிருந்து மெயில் ரயிலில் மருமகன் வந்துவிடுவார். ஒன்றும் பிசகாது. பிசகுவதாக இருந்தால் ஒவ்வொன்றாகத்தானே பிசகும்? எல்லாம் ஒரே இரவில் பிசகும் என்று யார் கண்டது!

வேலி போட்டு முடிந்து, கை கழுவிச் சோற்றுக்கு இருந்த நேரம் ரஞ்சிக்கு நோவு கண்டது.

மாஸ்டரின் மனைவி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தா. நானும் மனைவியும் ஓடினோம். ஒழுங்கையில் இருந்த எல்லாரும் ஓடினார்கள். புளியமரத்தடிக்குப் போனோம். கம்பியைப் பார்த்தோம். திரும்பி வந்தோம். வயலைப் பார்த்தோம். திரும்பி வந்தோம். கடைசியில் எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. மாஸ்டர் வளவின் பின்வேலி. ஐந்து நிரை முள்ளுக்கம்பி, அதற்குமேல் பனையோலை. அன்று காலை வைத்திலிங்கத்தார் தன் கையால் இழுத்துக் கட்டிய புது வேலி. அதற்கு அந்தப் பக்கம் மண்பாதை, அதற்கப்பால் ஸ்ரேஷன் ரோட்டு.

காலை முழுக்க அந்த இடம் திறந்தே கிடந்தது.

நோவுச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. வைத்திலிங்கத்தாருடைய மனைவி பொன்னம்மா அக்கா தானாகவே ஸ்ரேஷன் ரோட்டுக்கு ஓடி, கிரேஸ் மிசியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. கிரேஸ் மிசி எங்கள் பகுதி மருத்துவிச்சி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவ. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கையில் பை. ஒரு வாடகைக் காரையும் பிடித்து ரோட்டில் நிறுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறா. வந்து பார்த்தால் முன்னால் வேலி.

ஆக, இந்தப் பக்கம் பிள்ளை பெறப்போகிறவள். அந்தப் பக்கம் மிசியும் காரும். நடுவில் ஐந்து நிரைக் கம்பி.

ஓலையை விலத்திக்கொண்டு பார்த்தேன். வைத்திலிங்கத்தார் வேலியோரம் நின்றார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். கையில் ஏதோ இரும்பு மினுங்கியது. கத்தி என்று நினைத்தேன். யாராவது வேலியில் கை வைத்தால் வெட்டிவிடுவார் போலத்தான் அந்த முகம் இருந்தது.

"மாஸ்டரைக் கேக்கச் சொல்லுங்கோ," என்றார் அவர் மெதுவாக. "இப்பவே திறக்கிறன். வாயாலை ஒரு சொல்லு. அவ்வளவும் காணும்."

நான் திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் வேலிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"கேக்கமாட்டன். கேட்டால் வழக்குப் போச்சு. ரஞ்சியின்ரை சீதனம் போச்சு. உவர் இவ்வளவு நாளும் உதுக்குத்தானே காத்துக்கொண்டு நிண்டவர்."

"மாஸ்டர், பிள்ளைக்கு நோவு கண்டிட்டுது..." என்றேன் நான்.

"தெரியும்! எனக்குத் தெரியாதே? அவரைத் திறக்கச் சொல்லும். நான் மறிக்கேல்லை. திறந்தால் போறம்."

"கேளாமல் திறந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்கும் தெரியும்," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர். "நாளைக்குக் கோட்டிலை நிண்டு சொல்லுவார், புயலுக்கு மறுநாளும் தங்கடை வழியாலைதான் போனவை எண்டு. ஒழுங்கை முழுக்கச் சாட்சி நிக்குது."

நான் பெரிய மனிதன் ஆகப் பார்த்தேன். "அண்ணை, மாஸ்டர் வேண்டாம். நான் கேக்கிறன். எனக்காகத் திறவுங்கோ."

"நீர் கேட்டு என்ன பிரயோசனம்? உமக்கும் எனக்கும் வழக்கில்லையே."

என் பெரிய மனிதத்தனம் அத்தோடு முடிந்தது.

மிசிக்கு இந்தச் சட்டம் ஒன்றும் விளங்கவில்லை. அல்லது விளங்கியபடியால்தான் அப்படிக் கோபம் வந்ததோ. "என்ன இஞ்சை நடக்குது? வழக்கு முடியுமட்டும் பிள்ளை உள்ளுக்கை இருக்குமோ?" என்று கத்தினா.

"பொறுங்கோ மிசி," என்றார் வைத்திலிங்கத்தார். "உது மெய்யான நோவோ? டொக்டர் சொன்ன திகதிக்கு இன்னும் நாள் கிடக்குது எண்டு கேள்வி. நான் வேலி போட்ட அண்டைக்கே நோவு வருகுது... எனக்கு உது வடிவா விளங்கேல்லை."

மிசி அவரை ஒரு பார்வை பார்த்தா. "உங்களுக்கு வந்தால் விளங்கும்," என்றா.

மாஸ்டரும் விடவில்லை. "அந்தப் புளி தானாய் விழேல்லை. எங்களை உள்ளுக்கை வைச்சு அடைக்க ஆர் வேரை அறுத்தது எண்டு எனக்குத் தெரியும்!"

பாருங்கள்! ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது. இந்த ஒரு மரத்தை மட்டும் வைத்திலிங்கத்தார் அறுத்து விழுத்தினாராம். அதைக் கேட்டு ஒரு கணம்... மெய்யாகத்தான் சொல்கிறேன்... எனக்கும் அப்படி இருக்குமோ என்று பட்டது. மலாயாவில் ரயில் பாதைக்குக் குறுக்கே நின்ற மரங்களை எல்லாம் வெட்டுவித்தவர்தானே?

ஒழுங்கை ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றோம். கையில் கத்தி இருந்தது, அலவாங்கு இருந்தது. அன்று காலை வேலி போட்டுப் பழகிய கைகள். ஒரு கம்பியை வெட்ட ஒருவரும் முன்வரவில்லை. அடுத்தவன் வேலியை வெட்டினால் கோட்டுக்குப் போகவேண்டி வரும். மாஸ்டருக்காக வெட்டினான் என்று ஒருவர் சொல்வார், வழி அடைத்துத்தான் கிடந்தது என்று வைத்திலிங்கத்தாருக்குச் சாட்சி சொல்ல வெட்டினான் என்று மற்றவர் சொல்வார். அவன் வெட்டட்டும் என்று இவனும், இவன் வெட்டட்டும் என்று அவனும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்போது என் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, வழக்கை நீங்கள் பாருங்கோ. பிள்ளையை நாங்கள் பாக்கிறம்."

பெண்கள் உள்ளே போனார்கள். ரஞ்சியைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலியடியில் கொண்டுவந்து வைத்தார்கள். முகம் வெளிறி, தலைமயிர் வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. முள்ளுக்கம்பியைக் கையால் பிடித்தாள்.

"மாமா," என்றாள். தூரத்துச் சொந்தம் அவர். வழக்கு வருவதற்கு முதல் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தப் பக்கம் ஓலை அசைந்தது.

"மாமா, நான் கேக்கிறன். இது என்ரை பேரிலை இருக்கிற காணி. எங்களுக்கு உதாலை வழி இல்லை. உரித்தும் இல்லை. உங்கடை தயவிலைதான் போறன். திறந்து விடுங்கோ மாமா... எனக்கு இந்தப் பிள்ளை வேணும்."

"ரஞ்சி! வாயை மூடு!" மாஸ்டர் பாய்ந்து வந்தார். "நோவிலை புலம்புது! ஒருத்தரும் காதிலை வாங்காதேங்கோ! அதுக்கு என்ன கதைக்கிறன் எண்டு தெரியேல்லை!"

"எனக்கு வடிவாத் தெரியும் அப்பா," என்றாள் அவள். அதற்குமேல் பேச முடியாமல் பல்லைக் கடித்தாள்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பக்கம் டிக் என்று ஒரு சத்தம். முதல் கம்பி அறுந்தது. இரண்டாவது கம்பி. மூன்றாவது. ஓலையைக் கிழித்துக்கொண்டு வைத்திலிங்கத்தார் வெளியே தெரிந்தார். கையில் இருந்தது கத்தி இல்லை. கம்பி வெட்டும் குறடு.

அவ்வளவு நேரமும் அந்த மனிதன் குறட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். வெட்ட ஆயத்தமாக. ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அவருடைய கன்னத்தைப் பொத்தி ஒன்று விடவேண்டும் போலவும் இருந்தது.

"கெதியாத் தூக்குங்கோ! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்!" என்று எங்களைப் பார்த்து அவர்தான் கத்தினார். முள் கிழித்து இரண்டு கையிலும் இரத்தம். கதிரையின் ஒரு காலை அவர்தான் பிடித்தார்.

கார்வரை கொண்டுபோக நேரம் இருக்கவில்லை. மிசி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரோட்டுக்கு வேண்டாம், உள்ளுக்குக் கொண்டுவாங்கோ," என்றா. வைத்திலிங்கத்தாருடைய வீட்டு முன் அறையில், பொன்னம்மா அக்கா விரித்த பாயில், பிள்ளை பிறந்தது.

பிறந்தது... ஆனால் அழவில்லை.

நாங்கள் முற்றத்தில் நின்றோம். மாஸ்டர் மட்டும் வரவில்லை. வெட்டிய வேலிக்கு அந்தப் பக்கம், தன் வளவுக்குள்ளேயே நின்றார். கேளாமல் உள்ளே வந்தால் ஒன்று, கேட்டுவிட்டு வந்தால் இன்னொன்று. பேரப்பிள்ளை அழுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு அறுந்த கம்பிக்குப் பக்கத்தில் நின்றார். முற்றத்தில் வைத்திலிங்கத்தார் இரத்தம் வழிகிற கையைத் துடைக்காமல் நின்றார். உள்ளே மிசி எதையோ தட்டுகிற சத்தம். 'வா ராசாத்தி, வா' என்று அந்தக் கனத்த குரல் கெஞ்சுகிற சத்தம்.

பிறகு பிள்ளை அழுதது.

மாஸ்டர் வேலியடியில் குந்திவிட்டார். வைத்திலிங்கத்தார் திரும்பி மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிசி வெளியே வந்தா. "பெம்பிளைப்பிள்ளை. கழுத்திலை கொடி சுத்தி இருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்றா. தாயையும் பிள்ளையையும் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. இருவரும் சுகம். மாப்பிள்ளை லொறியிலும் ட்ரக்ரரிலும் மாறி மாறி ஏறி, கடைசியில் நடந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

இத்தோடு கதை முடிந்தால் எவ்வளவு நல்லது! நானும் இரண்டு நல்ல வார்த்தை எழுதி, மனிதநேயம் வாழ்க என்று முடித்துவிட்டுப் போகலாம். எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது, இத்தோடு முடியாது என்று.

அன்று பொழுதுபடுவதற்குள் வைத்திலிங்கத்தார் வேலியை மறுபடி கட்டிவிட்டார். புதுக் கம்பி. முன்னையதைவிடக் கிட்டக் கிட்ட.

பிறகு மின்சாரப் பகுதி ஆட்கள் வந்தார்கள். புளியில் சிக்கியிருந்த கம்பியை வெறுங்கையால் பிடித்து இழுத்து எறிந்தார்கள். நாங்கள் 'ஐயோ' என்று கத்தினோம். அவர்கள் சிரித்தார்கள். காற்று அடித்த இரவே எல்லாம் நின்றுபோய்விட்டதாம். நாங்கள் பயந்து பயந்து பார்த்த கம்பியில் ஒன்றும் இருக்கவே இல்லை! பத்து ஆண்பிள்ளைகள் சேர்ந்து கோடரி எடுத்திருந்தால் அன்று மத்தியானமே மரத்தில் ஒரு வழி வெட்டியிருக்கலாம். பத்துப் பேரும் வேலி போட்டுக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் இந்தக் கிழமை அப்புக்காத்தரிடம் போய்வந்தார். ரஞ்சி சொன்னதால் வழக்குக்குப் பாதகம் இல்லையாம். நோவில் இருக்கிற பெண் சொன்ன வார்த்தை செல்லாது என்று வாதாடலாமாம். வழக்கு நடக்கும். அடுத்த தவணைக்கு என்னையும் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும்! ரஞ்சி புத்தி தெளியாமல் சொன்னாள் என்று நான் சொல்லவேண்டும் என்பது மாஸ்டரின் ஆசை. தெளிந்த புத்தியோடு சொன்னாள் என்று சொல்லவேண்டும் என்பது வைத்திலிங்கத்தாருடைய ஆசை. ஒருவர் வாழைக்குலை அனுப்பினார். மற்றவர் முருங்கைக்காய் அனுப்பினார். என் மனைவி இரண்டையும் சமைக்காமல் வைத்திருக்கிறாள்.

அவள் புத்தி தெளிந்துதான் சொன்னாள். அன்றைக்கு அந்த ஒழுங்கையில் புத்தி தெளிந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான். கோட்டில் அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் சொன்னால் அவளுடைய சீதனம் போய்விடும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று மாஸ்டரின் மனைவி என் மனைவியிடம் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறா. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று லைற் வந்தது. சுவிச்சைத் தட்டினேன், தொட்டி நிறைந்தது. ரயில் கூவுகிற சத்தம் கேட்டது. கூட்டுறவுக் கடையில் ரெலிபோன் வேலை செய்கிறது. அடுத்த முறை எந்தக் காற்றும் ஒன்றும் செய்யாதபடி இரும்புப் போஸ்ற் போடப்போகிறார்களாம். பேப்பரில் போட்டிருந்தது. போடட்டும், நல்ல விஷயம். அறுந்த கம்பி அத்தனையையும் அவர்கள் ஒட்டிவிட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் நித்திரை வரவில்லை.

ஏனென்றால், நேற்றுப் பின்னேரம் வைத்திலிங்கத்தார் என்னிடம் வந்தார். விறாந்தையில் இருந்தார். கையில் இன்னும் பஞ்சுக் கட்டு. பிள்ளைக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். பொன்னம்மா அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாவாம், நல்ல வடிவாம். சொல்லும்போது அவருடைய முகம் மலர்ந்திருந்தது. நான்கூட மனம் இளகிவிட்டேன். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். கதிரையைக் கிட்ட இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீர் நாலு விஷயம் படிக்கிற ஆள். ஒரு பிள்ளை ஒருத்தற்றை காணியிலை பிறந்தால்... சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு அந்தக் காணியிலை ஏதும் உரித்து வருமோ?"

பகிடி என்று நினைத்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

அடுத்த புயலுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. அதற்கு மறுநாள் காலைக்குத்தான் பயப்படுகிறேன்.